மறதிக்கு முன்பே மங்கும் நீலப்புள்ளி... அல்சைமர் மூளையின் அடித்தளத்தில் என்ன நடக்கிறது?

"காலையில காபி குடிச்சுட்டு நாற்காலியில உட்கார்ந்தா அடுத்த நிமிஷமே தூங்கிடுறாங்க. மத்தியானம் எழுப்பி சாப்பாடு கொடுத்தா, மறுபடியும் தூக்கம். ராத்திரி மட்டும் கண்ணை மூட மாட்டேங்கிறாங்க!"

அல்சைமர் பாதித்த பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. 'ராத்திரி தூங்காததால பகல்ல தூங்குறாங்க' என்று வீட்டில் ஒரு காரணம் சொல்லிக்கொள்வோம். 'சும்மாவே உட்கார்ந்திருந்தா தூக்கம் வராம என்ன செய்யும்?' என்று சலித்துக்கொள்பவர்களும் உண்டு. மருத்துவ உலகமே வெகுகாலம் கிட்டத்தட்ட இப்படித்தான் நினைத்திருந்தது. ஆனால், கடந்த சில ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் வேறொரு காரணத்தைக் காட்டுகின்றன. நம்மைப் பகலில் விழித்திருக்க வைக்கும் நரம்பு செல்கள் மூளைக்குள் தனியாக இருக்கின்றன. அல்சைமரில் அந்த செல்களே பெருமளவில் அழிந்துபோகின்றன. அவற்றில் ஒரு கூட்டம், மறதி எட்டிப்பார்ப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நோயின் பிடியில் சிக்கிவிடுகிறது.

அந்தக் கூட்டத்தின் பெயர் லோகஸ் செருலியஸ். லத்தீன் மொழியில் 'நீல நிற இடம்' என்று அர்த்தம்.

பாஸ்மதி அரிசி அளவுதான்!

தலையின் பின்பக்கம், கழுத்தும் மண்டையோடும் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கும் தண்டு போன்ற பகுதி இருக்கிறது. இதைத்தான் மூளைத்தண்டு என்கிறோம். மூச்சு, இதயத்துடிப்பு, விழுங்குவது போன்ற, நாம் நினைக்காமலேயே நடக்கும் வேலைகளுக்கான கட்டுப்பாட்டு அறை இது. இந்தத் தண்டின் நடுப்பகுதியில், இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என இரண்டு சின்னஞ்சிறு கோடுகளாக லோகஸ் செருலியஸ் அமைந்திருக்கிறது. நீளம் சுமார் 15 மில்லிமீட்டர், அகலம் 2 மில்லிமீட்டர் சொச்சம். வெந்த பாஸ்மதி அரிசி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கிட்டத்தட்ட அந்த அளவுதான்.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருப்பதாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. இந்த நீலப்புள்ளியில் இருப்பவை, இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 50,000 மட்டுமே. அதாவது, 17 லட்சத்தில் ஒன்று!

பிரெஞ்சு மருத்துவர் ஃபெலிக்ஸ் விக் டஸீர் 1780களிலேயே இந்த இடத்தைக் கவனித்து எழுதிவிட்டார். 1812-ல் ஜெர்மனியின் வென்செல் சகோதரர்கள் அதற்கு இந்தப் பெயரை வைத்தார்கள். உண்மையில் அந்த செல்களுக்குள் இருப்பது நீல நிறமே அல்ல. நியூரோமெலனின் என்ற கரும்பழுப்பு நிறமிதான் அங்கே இருக்கிறது. மணிக்கட்டில் ஓடும் ரத்த நாளம் தோலுக்கு வெளியே நீலமாகத் தெரிவதுபோல, திசுக்களைத் தாண்டிப் பார்க்கும்போது இதுவும் நீலமாகத் தெரிகிறது. இந்த நிறமி பிறக்கும்போதே நிறைந்திருப்பதில்லை. வயது ஏற ஏறத்தான் சேர்கிறது. இந்த நிறமி பற்றிக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இவ்வளவு சிறிய இடத்துக்கு அப்படியென்ன வேலை? மூளை முழுவதற்கும் நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தைப் பெருமளவில் விநியோகிப்பது இந்த இடம்தான். 1964-ல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் டால்ஸ்ட்ரோமும் ஃபுக்ஸும், இந்த வகை ரசாயனங்களை வைத்திருக்கும் செல்களை ஒளிரச் செய்து வரைபடமே போட்டார்கள். அதில் ஆச்சர்யம் காத்திருந்தது. ஊரின் ஒரு மூலையில் நிற்கும் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெருத்தெருவாகக் குழாய் போவதுபோல, இந்தச் சின்னப்புள்ளியிலிருந்து கிளம்பும் நரம்பு இழைகள் பெருமூளையின் மேற்பரப்பு, நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ், சிறுமூளை, தண்டுவடம் என்று ஏறக்குறைய எல்லா இடங்களுக்கும் போகின்றன.

தூக்கத்தில் இருக்கும்போது யாரோ பெயர் சொல்லி அழைத்ததும் சட்டென்று விழிக்கிறோமே, சாலையைக் கடக்கும்போது ஹாரன் சத்தம் கேட்டதும் மற்ற எல்லாம் மறந்து அந்தப் பக்கம் மட்டும் கவனம் போகிறதே... அந்த நேரங்களில் நீலப்புள்ளி வேகமாகத் துடிக்கிறது. விழித்திருக்கும்போது சீராக இயங்கும் இந்த செல்கள், தூக்கம் ஆழமாக ஆக மெதுவாகின்றன. கனவு காணும் கட்டத்தில் கிட்டத்தட்ட முழு மௌனம். ஒரு சம்பவம் நம்மை உலுக்கிவிட்டால் அது பல வருடங்கள் மறக்காமல் இருப்பதற்குப் பின்னாலும் இந்த நார்அட்ரினலின் இருக்கிறது.

கீழே பார்க்க மறந்த மருத்துவம்

1901-ல் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனைக்கு அழைத்துவரப்பட்ட அகஸ்டே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்தான், மருத்துவ வரலாற்றில் அல்சைமர் நோயின் முதல் நோயாளி. 1906-ல் அவர் இறந்த பிறகு, அவருடைய மூளையை மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்தார் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர். செல்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிவுகள், செல்களுக்கு உள்ளே முறுக்கிக்கொண்ட நூல்கள். அந்த ஆண்டு நவம்பர் 3-ம் தேதி டூபிங்கன் நகரில் நடந்த கூட்டத்தில் இதை அறிவித்தார். திட்டுகள் அமிலாய்டு என்ற புரதத்தால் ஆனவை, முறுக்கிய நூல்கள் டாவ் என்ற புரதத்தால் ஆனவை என்பதெல்லாம் பல பத்தாண்டுகள் கழித்துத் தெரியவந்தவை.

அல்சைமர் விவரித்தது பெருமூளையின் மேற்பரப்பைத்தான். அவருக்குப் பின் வந்தவர்களின் கவனமும் பெரும்பாலும் அங்கேயே நின்றது. நினைவு, மொழி, சிந்தனை எல்லாம் மேலே நடக்கும்போது, மூச்சு விடுவதைக் கவனிக்கும் மூளைத்தண்டில் போய் யார் தேடுவார்கள்? 1980களின் தொடக்கத்திலேயே சிலர் தேடினார்கள், எண்ணியும் பார்த்தார்கள். அல்சைமரில் இறந்தவர்களின் நீலப்புள்ளியில் செல்கள் கணிசமாகக் குறைந்திருந்தன. ஆனால், அதே காலகட்டத்தில் அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு ரசாயனத்தைச் சுரக்கும் செல்களும் அழிவது தெரியவர, மருந்து ஆராய்ச்சி அந்தப் பக்கம் போய்விட்டது. இன்று பல வீடுகளின் மாத்திரை டப்பாவில் இருக்கும் டோனெபெசில், அந்தப் பாதையில் வந்ததுதான்.

திருப்பம் 2011-ல் வந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெய்கோ பிராக்கும் கெல்லி டெல் ட்ரெடிசியும் தங்கள் குழுவினருடன் சேர்ந்து, 1 வயது முதல் 100 வயது வரையிலான 2,332 பேரின் மூளைகளைப் பரிசோதித்தார்கள். அல்சைமர் நோயாளிகளை மட்டும் பொறுக்கி எடுக்கவில்லை, வெவ்வேறு காரணங்களால் இறந்தவர்கள். நோயின் அடையாளமான, இயல்பு மாறிய டாவ் புரதம் முதன்முதலில் எங்கே தென்படுகிறது என்று பார்த்தார்கள். பெருமூளையில் அல்ல... மூளைத்தண்டின் நீலப்புள்ளியில்!

அதைவிட அதிர்ச்சியான தகவல் ஒன்று உண்டு. 4 வயது முதல் 29 வயது வரையிலான 42 பேரின் மூளைகளை பிராக்கும் டெல் ட்ரெடிசியும் தனியாக ஆராய்ந்தபோது, 38 பேரிடம் இந்த மாறிய டாவின் ஆரம்பக் கட்டம் தெரிந்தது. அமிலாய்டு படிவோ முறுக்கிய நூல்களோ 41 பேரிடம் இல்லவே இல்லை.

உடனே பயப்பட வேண்டியதில்லை. இருபது வயதில் எல்லோருக்கும் அல்சைமர் ஆரம்பித்துவிட்டது என்று இதற்கு அர்த்தமல்ல. இப்படி டாவ் தென்படுபவர்களில் பலர், நோயின் நிழல்கூடப் படாமல் வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். இளவயதில் தெரியும் இந்த மாற்றம் நோயின் முதல் படியா, அல்லது அந்த செல்களின் இயல்பான தேய்மானமா என்று விஞ்ஞானிகளுக்குள்ளேயே விவாதம் இன்னும் ஓயவில்லை. டாவ் அங்கிருந்து மேலே பரவி, வேறு பகுதிகளைப் பிடிக்கத் தொடங்கும்போதுதான் சிக்கல் பெரிதாகிறது.

செல் எப்போது சாகிறது?

டாவ் சேர்ந்த அன்றே செல் செத்துவிடுவதில்லை. பிரேசிலைச் சேர்ந்த நரம்பு நோயியல் நிபுணர் லியா கிரின்பெர்க், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் தன் குழுவுடன் நடத்திய ஆய்வு 2017-ல் வெளியானது. டாவ் பரவலை 0 முதல் 6 வரையிலான கட்டங்களாகப் பிரிப்பது வழக்கம். ஒவ்வொரு கட்டம் கூடும்போதும் நீலப்புள்ளியின் கன அளவு சராசரியாக 8.4 சதவிகிதம் சுருங்குகிறது. ஆனால், செல்களின் எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவில் சரிவது பாதி வழிக்குப் பிறகுதான். வயதானாலே செல்கள் குறைந்துவிடும் என்ற பழைய நம்பிக்கையையும் இந்த ஆய்வு தள்ளிவைத்தது. நோய் இல்லாத முதுமையில் இந்தப் பகுதி பெரிதாகப் பாதிக்கப்படவில்லை.

அதே 2017-ல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு, மனிதர்களின் நினைவாற்றலோடு இதைப் பொருத்திப் பார்த்தது. நினைவாற்றல் நன்றாக இருந்தவர்களோடு ஒப்பிட்டால், லேசான மறதி என்ற நிலையில் இறந்தவர்களிடமே நீலப்புள்ளி செல்களில் 30 சதவிகிதம் காணாமல் போயிருந்தது. முழு அல்சைமருக்குப் போகும்போது மேலும் 25 சதவிகிதம் குறைந்தது. 'வயசாகிடுச்சு, மறக்கத்தான் செய்யும்' என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும் கட்டத்திலேயே மூன்றில் ஒரு பங்கு கிட்டத்தட்ட போய்விட்டது.

ஏன் இந்த செல்கள் முதலில் மாட்டுகின்றன? ஒரே காரணம் என்று யாரும் சொல்வதில்லை. உடல் சிறியது, அது தாங்க வேண்டிய இழையோ மிக நீளமானது. அந்த இழைகளுக்கு, ஒயருக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை போன்ற கொழுப்பு உறை பெரும்பாலும் கிடையாது, அதனால் ஆற்றல் செலவு அதிகம். தூக்கம் தவிர மற்ற நேரமெல்லாம் ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்க வேண்டும். போதாக்குறைக்கு, நார்அட்ரினலின் உடையும்போது உருவாகும் ஒரு கழிவுப்பொருளே டாவ் புரதத்தைக் கெடுக்கக்கூடியது என்று 2020-ல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. செய்யும் வேலையே வினையாகிவிடுகிறது.

செல்கள் போவதால் வரும் நஷ்டம் விழிப்போடு நிற்பதில்லை. மூளைக்குள் துப்புரவுப் பணியாளர்களைப்போல இயங்கும் மைக்ரோகிளியா செல்கள், அமிலாய்டை விழுங்கி அகற்ற நார்அட்ரினலின் ஊக்கம் கொடுக்கிறது. அது குறைந்தால் குப்பை அள்ளுவதும் குறைகிறது என்று எலிகளில் நடந்த ஆய்வு 2010-ல் சொன்னது. வாசனை தெரியாமல் போவது அல்சைமரின் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று. நீலப்புள்ளியிலிருந்து முகரும் பகுதிக்குப் போகும் இழைகளை அதே மைக்ரோகிளியா தவறாகத் தின்றுவிடுவது இதற்கு ஒரு காரணம் என 2025-ல் ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள்.

"தூங்குமூஞ்சி" என்று திட்டாதீர்கள்

பகல் தூக்கத்துக்கு வருவோம். 2019-ல் கிரின்பெர்க் குழு, அல்சைமரில் இறந்த 13 பேரின் மூளைகளையும், நோய் இல்லாத 7 பேரின் மூளைகளையும் ஒப்பிட்டது. நம்மை விழிக்க வைக்கும் மூன்று மையங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று நீலப்புள்ளி, மற்ற இரண்டும் ஹைப்போதலாமஸ் பகுதியில் இருப்பவை. நோயாளிகளிடம் மூன்றிலுமே டாவ் குவிந்திருந்தது, செல்களில் 75 சதிவிகிதம் வரை அழிந்திருந்தன. ஒரு மையம் பழுதானால் மற்றது ஈடுகட்டும் என்ற வழியும் அடைபட்டுப்போகிறது. ஆய்வில் பார்க்கப்பட்ட மூளைகளின் எண்ணிக்கை குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் வித்தியாசம் அலட்சியப்படுத்த முடியாத அளவுக்குப் பெரியது.

இதே குழு பின்னர் இன்னொரு நோயையும் ஒப்பிட்டது. பி.எஸ்.பி என்று சுருக்கமாக அழைக்கப்படும் மூளைச் சிதைவு நோயிலும் டாவ்தான் வில்லன். ஆனால், அந்த நோயாளிகளின் பிரச்னை தலைகீழ், இரவிலும் பகலிலும் தூக்கமே வராது. அவர்களிடம் விழிப்பு செல்கள் பெருமளவு தப்பித்திருந்தன. தூக்கமும் விழிப்பும் அந்தப் பெரியவரின் விருப்பத்தில் இல்லை, எந்த செல் மிஞ்சியிருக்கிறது என்பதில் இருக்கிறது.

எரிச்சல், பதற்றம், மனச்சோர்வு, சாப்பாட்டில் மாற்றம்... இவற்றுக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. பிரேசிலின் சாவோ பாலோ மூளை வங்கியில் 455 பேரின் மூளைகளையும், அவர்களின் நடத்தை பற்றிக் குடும்பத்தினர் சொன்ன தகவல்களையும் வைத்து 2018-ல் ஓர் ஆய்வு வெளியானது. டாவ், மூளைத்தண்டிலும் அதற்கு அடுத்த சில இடங்களிலும் மட்டுமே இருந்த ஆரம்பக் கட்டத்திலேயே இத்தகைய அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. அதாவது, 'அப்பா முன்ன மாதிரி இல்ல, எதுக்கெடுத்தாலும் கோபப்படுறாரு' என்பது சில சமயம் மறதியைவிட முன்னால் வரும் செய்தியாக இருக்கலாம். மனச்சோர்வு, பதற்றம் வந்த எல்லோருக்கும் அல்சைமர் வரும் என்று இதைத் திருப்பிப்போட்டுப் படித்துவிடக் கூடாது. அறுபது வயதுக்கு மேல், முதன்முறையாக, காரணமில்லாமல் குணம் மாறினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவே.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. டிமென்ஷியாவில் பெரும்பங்கு அல்சைமர்தான். இவர்களில் பெரும்பாலானோரைப் பார்த்துக்கொள்வது மகளும் மருமகளும் மனைவியும்தான். அவர்களுக்கு உடனடியாகப் பயன்படும் சில விஷயங்கள் இதில் இருக்கின்றன.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது மறதியைப் பற்றி மட்டும் சொல்லாமல், பகலில் எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்பதையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் காட்டுங்கள். சளிக்கும் அலர்ஜிக்கும் கடையில் கேட்டு வாங்கும் பழைய வகை மாத்திரைகள் சில, தூக்கத்தோடு குழப்பத்தையும் அதிகமாக்கும். தைராய்டு, குறட்டையோடு மூச்சு நிற்கும் பிரச்னை போன்றவையும் பகல் தூக்கத்தைக் கூட்டலாம், அவற்றுக்கு சிகிச்சை உண்டு. நேற்று வரை ஓரளவு விழித்திருந்தவர் இரண்டொரு நாளில் திடீரென்று அசந்து தூங்க ஆரம்பித்தால், அது அல்சைமர் முற்றியது என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவது போன்ற காரணங்கள் இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரைத்தூக்கத்தில் சோறு ஊட்டவே கூடாது, புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். காலை வெளிச்சத்தில் திண்ணையிலோ பால்கனியிலோ உட்கார வைப்பது, சின்னச் சின்ன வேலைகள் கொடுப்பது உடலின் கடிகாரத்துக்கு உதவும். செத்த செல்களை அது திருப்பித் தராது.

தூக்க மாத்திரை? 2025 ஜனவரியில் வெளியான ஓர் எலி ஆய்வு யோசிக்க வைக்கிறது. ஆழ்ந்த உறக்கத்தில் நார்அட்ரினலின் அலை அலையாக ஏறி இறங்கும்போது ரத்த நாளங்கள் சுருங்கி விரிந்து, மூளையைக் கழுவும் திரவத்தைத் தள்ளுகின்றன. சோல்பிடெம் என்ற தூக்க மருந்து கொடுத்தபோது அந்த அலைகள் மட்டுப்பட்டு, கழுவுதலும் குறைந்தது. மனிதர்களிடமும் இப்படித்தானா என்பது தெரியவர வேண்டும். அதுவரை டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்துவதும் தவறு, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்ததைப் போடுவதும் தவறு.

உயிரோடு இருக்கும்போதே பார்க்க முடியுமா?

நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன நியூரோமெலனின் இங்கேதான் கைகொடுக்கிறது. 2006-ல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள், சக்தி வாய்ந்த எம்.ஆர்.ஐ கருவியில் ஒரு குறிப்பிட்ட முறையில் படமெடுத்தால் இந்த நிறமி இருக்கும் இடம் பளிச்சென்று தெரிவதைக் காட்டினார்கள். புள்ளி மங்கலாக இருந்தால் செல்களின் நலம் குன்றியிருக்கிறது என்று ஊகிக்கலாம். ஹார்வர்டில் ஹைடி ஜேக்கப்ஸ் குழு 2021-ல் வெளியிட்ட ஆய்வில், மங்கலாகத் தெரிந்தவர்களிடம் டாவ் படிவும் நினைவாற்றல் சரிவும் கூடுதலாக இருந்தன. கண்ணின் பாவையும் ஒரு சாட்சி. கடினமான கணக்குப் போடும்போது நமக்குப் பாவை விரியும், அதன் பின்னால் நீலப்புள்ளியின் துடிப்பு இருக்கிறது. லேசான மறதி உள்ள நடுவயதுக்காரர்களுக்கு, எளிய நினைவுப் பரிசோதனைக்கே பாவை அதிகம் விரிவதாக அமெரிக்காவில் கண்டிருக்கிறார்கள். இவை எல்லாமே இப்போதைக்கு ஆய்வுக்கூட அளவில்தான். ஸ்கேன் சென்டரில் போய்க் கேட்டு எடுக்கும் டெஸ்ட் அல்ல.

சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகம் 2013-ல் வெளியிட்ட ஆய்வு ஓர் ஆறுதல். வருடா வருடம் நினைவுப் பரிசோதனைக்கு வந்து, இறந்த பின் மூளையைத் தானம் செய்த 165 பேரில், நீலப்புள்ளியில் செல்கள் அடர்த்தியாக இருந்தவர்களின் அறிவாற்றல் மெதுவாகவே சரிந்தது. மூளையில் நோயின் படிவுகள் இருந்தும்கூட!

மருந்து எந்த அளவில் இருக்கிறது?

சமீபத்தில் பேசப்படும் லெக்கனெமாப், டொனனெமாப் ஊசிகள் அமிலாய்டைக் குறிவைப்பவை. லெக்கனெமாப், 18 மாதங்களில் சரிவின் வேகத்தை 27 சதவிகிதம் குறைத்தது. நிறுத்தவில்லை. நீலப்புள்ளியை நோக்கிய முயற்சிகள் தனிப்பாதையில் நடக்கின்றன. இதில் வசதி என்னவென்றால், நார்அட்ரினலினைக் கூட்டும் மருந்துகள் ஏற்கெனவே வேறு நோய்களுக்காகக் கடையில் இருக்கின்றன. கவனக்குறைவு உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கப்படும் அடோமாக்ஸெடின் அவற்றில் ஒன்று. எமரி பல்கலைக்கழகம் அதை, அல்சைமரால் லேசான மறதி வந்த 39 பேருக்கு ஆறு மாதங்கள் கொடுத்துப் பார்த்தது. தண்டுவடத் திரவத்தில் டாவ் அளவு குறைந்தது. ஆனால், ஞாபகசக்தியில் முன்னேற்றம் தெரியவில்லை. இதயத்துடிப்பு சற்றுக் கூடியது, எடை சற்றுக் குறைந்தது.

இந்த வகை மருந்துகளை வைத்து நடந்த 19 சோதனைகளை, மொத்தம் 1,811 நோயாளிகள், லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2022-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். சிந்தனைத் திறனில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. எதிலும் நாட்டமில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நிலையில் அதைவிடப் பெரிய முன்னேற்றம். யாருக்கு, எந்தக் கட்டத்தில், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதைப் பெரிய அளவிலான சோதனைகள்தான் சொல்ல வேண்டும். அதுவரை அடோமாக்ஸெடின் அல்சைமருக்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்தல்ல. ரத்த அழுத்தமும் இதயநோயும் உள்ள பெரியவர்களுக்கு அதைக் கடையில் வாங்கிக் கொடுத்துப் பார்ப்பது ஆபத்து.